மூன்றாவது வாரத்துப் பாடம்

விடிந்தும் விடியாத நேரத்தில் ராஜா அண்ணாமலைபுரத்து மாடி வீடு ஒன்றில் மிக்ஸி ஓடத் தொடங்குகிறது. அரைபடுவது சட்னி இல்லை. நன்றாகக் கொதித்து ஆறிய தேயிலைத் தண்ணீர், ஒரு கட்டி வெண்ணெய், கொஞ்சம் பால், உப்பு. சந்திரிகா ஜாரின் மூடியைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, சத்தத்தைக் கேட்டே பதம் பார்க்கிறாள்.

“ஏட்டி, எல்லா வீட்டுலயும் காலையில சுப்ரபாதம் கேக்கு, நம்ம வீட்டுல மட்டும் ரைஸ் மில்லு கேக்கு” என்று உள்ளறையிலிருந்து அம்மா தங்கபுஷ்பம் குரல் கொடுக்கிறாள். “நல்ல வெண்ணெயக் கொண்டுபோயி உப்புத் தண்ணியில கரைக்கியே. கிருஷ்ணன் பாத்தா அழுதுருவான்.”

“கிருஷ்ணன் வந்தா அவனுக்கும் ஒரு கப் ஊத்துதேம்மா.”

மறுபடி கொதிக்க வைத்த தேநீர் பிளாஸ்கில் ஏறுகிறது. பீங்கான் கிண்ணங்கள் ஒவ்வொன்றும் பழைய துண்டில் சுற்றப்பட்டு வயர்க் கூடைக்குள் போகின்றன. கூடையோடு அடையாறு பஸ்ஸில் ஏறும் சந்திரிகாவைப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் யாருக்கோ கஞ்சி கொண்டு போகிறாள் என்றுதான் தோன்றும். கண்டக்டருக்கே பல நாள் அந்த எண்ணம். “பேஷண்டுக்கு எப்படிக்கா கீது?” என்று கேட்பார். “தேறி வர்றாங்க” என்பாள் இவளும். தன் மாணவர்களைத்தான் சொல்கிறாள்.

அவள் திபெத்திய வாத்தியாரம்மா. ஆற்றைப் பார்த்தபடி நிற்கிற ஒரு பழைய பங்களாவில் ஓர் அறக்கட்டளை சிறிய ஆய்வு மையம் நடத்துகிறது. அங்கே திபெத்திய மொழி சொல்லிக்கொடுப்பதும், இன்றைக்கு வாழ்கிற திபெத்தியர்களைப் பற்றி ஆராய்வதும் அவள் வேலை. இன்றைக்கு என்ற சொல்லை அவள் அழுத்திச் சொல்வாள். பனிமலையும் மடாலயமும் பழைய சுவடியும் ஆராய நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கர்நாடகத்துக் குடியிருப்பில் சோளம் விதைக்கிற திபெத்தியர், பெங்களூரில் ஹோட்டல் வேலை பார்க்கிற திபெத்தியப் பிள்ளைகள் இவர்களெல்லாம் செல்போனில் அம்மாவிடம் என்ன பேசுகிறார்கள், வலித்தால் எப்படிச் சொல்கிறார்கள், எந்தப் பாட்டுக்கு அழுகிறார்கள் என்பதுதான் இவளுடைய படிப்பு.

ஊராருக்கு இதை விளங்க வைப்பது லேசில்லை. கீழ் வீட்டுக்காரர் இவளைப் பார்க்கும்போதெல்லாம் மூட்டுவலிக்கு இமயமலை லேகியம் கேட்பார். சொந்தக்காரர்கள், கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன பெண் சாமியாராகிவிட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி வரும்போது அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். வாசலில் பூ விற்கிற கயல் ஒருநாள் பொறுக்க முடியாமல் கையைப் பிடித்துக் கேட்டாள்.

“இன்னா மந்திரம்க்கா அது? எனக்கும் சொல்லிக்குடு. எம் புருசன் திருந்தட்டும்.”

“மந்திரம் இல்ல கயல். வயித்து வலி, பசி, தூக்கம் வரலன்னு திபெத்து பாஷையில சொல்லிப் பாத்துக்கிட்டே நடக்கறேன்.”

“சாமிகிட்ட நானும் அதான்க்கா சொல்லிக்கினு கீறேன்” என்றாள் கயல். அன்று முழுவதும் சந்திரிகாவுக்கு அந்தப் பதில் மனதில் கிடந்தது. யார் எந்தப் பாஷையில் முறையிட்டாலும் கபாலிக்குக் காது ஒன்றுதான்.

இந்தப் பாஷை அவளிடம் வந்து சேர்ந்த கதை தியாகராய நகரில் இருக்கிறது. அப்பா அய்யாதுரை தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்தவர். கடைக்குப் பின்னால் குடோன். குளிர்காலத்தில் ஸ்வெட்டர் விற்க வரும் திபெத்தியப் பெண்கள் தங்கள் மூட்டைகளை அந்தக் குடோனில்தான் அடுக்குவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் சந்திரிகாவுக்கு அந்த மூட்டைகள்தான் மெத்தை. அவர்கள் கயிறு அவிழ்த்துக்கொண்டே பாடுவார்கள், சண்டை போடுவார்கள், இவளுக்குத் தலை வாரி விடுவார்கள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசப் பழகிக்கொண்டிருந்த வயதில் இவள் திபெத்திய மொழியில் கோபித்துக்கொள்ளப் பழகிவிட்டாள். பிறகு அதையே கல்லூரியில் முறையாகப் படித்தாள். குடகுப் பக்கத்துத் திபெத்தியக் குடியிருப்புகளுக்கும் இமயமலைப் பக்கத்துக்கும் போய்ப் பழகி, பட்டமும் வாங்கி வந்தாள்.

அவளுடைய வகுப்பில் கரும்பலகைக்கு வேலை குறைவு. எல்லாம் அந்தத் திபெத்திய வெண்ணெய்த் தேநீர்தான். திபெத்தியர் வீட்டில் கிண்ணம் குறைந்தால் உடனே ஊற்றி நிரப்புவார்கள். விருந்தாளியின் முன்னால் காலிக் கிண்ணம் இருந்தால், எழுந்து போ என்று சொன்ன மாதிரி. விருந்தாளியும் சூட்சுமம் தெரிந்தவர். கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவார், கிளம்பும்போதுதான் முழுக்கக் குடிப்பார். ஊற்றுவதும் கெஞ்சுவதும் நலம் கேட்பதுமாக மொழி தானே வாயில் ஏறிவிடும் என்பது அவள் நம்பிக்கை. ‘போதும்’ என்ற சொல்லை மட்டும் மூன்றாவது வாரத்தில்தான் சொல்லிக்கொடுப்பாள். முதல் நாளே அதைக் கற்றுக்கொண்டவர்கள் அதற்குப் பிறகு வேறெதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது அவள் பட்ட அனுபவம்.

இன்னொரு சட்டமும் உண்டு. வாசற்படி தாண்டினால் தமிழ் கிடையாது, இங்கிலீஷும் கிடையாது. தப்பித்தவறி ஒரு வார்த்தை வந்துவிட்டால் எழுந்து நின்று ஒரு திபெத்தியப் பாட்டுப் பாட வேண்டும். இந்தப் பயத்திலேயே மாணவர்கள் கையாலும் கண்ணாலும் பேசி, கடைசியில் திபெத்திய மொழியிலும் பேசிவிடுவார்கள்.

மாணவர்கள் என்றால் கூட்டம் இல்லை. வேளச்சேரியிலிருந்து ரயிலேறி வரும் கம்ப்யூட்டர்காரப் பெண் வர்ஷினி, மலையேறும் ஆசை பிடித்த பாங்க்காரர் ஒருவர், அப்புறம் குல்சும். குல்சும் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நர்ஸ். குடகுப் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து சிகிச்சைக்கு வரும் திபெத்தியக் கிழவர்கள் வலியை வாய்விட்டுச் சொல்லாமல் சிரித்துக்கொண்டே படுத்திருப்பதைப் பார்க்க மாட்டாமல்தான் இங்கே வந்து சேர்ந்தாள். முதல் நாள் வாசற்படி தாண்டுவதற்கு முன்பே அவள் கேட்டது, “எங்க வலிக்குதுன்னு கேக்கறதுக்கு இன்னா சொல்லணும் மிஸ்?” அந்த ஒரு கேள்விக்காகவே சந்திரிகா அவளிடம் தனிப் பிரியம் வைத்தாள்.

இத்தனை இருந்தும் வேலை மட்டும் ஒட்டுப் போட்ட வேலை. வருஷா வருஷம் ஜூன் மாதம் நீட்டிப்பார்கள். அப்பா அய்யாதுரையின் அகராதியில் இதற்கு வேலை என்று பெயர் கிடையாது. “கடையில வந்து உக்காருட்டின்னா, ஊருக்கெல்லாம் உப்பு டீ ஊத்திட்டுத் திரியுதா” என்று கல்லாவில் இருந்தபடி சொல்வார். ரொம்ப நெருக்கியபோது சந்திரிகா ஒரு வாக்குக் கொடுத்தாள்: இந்த வருஷம் மையத்தில் நிரந்தரப் பணி ஒன்றை உண்டாக்கியிருக்கிறார்கள், நவீனத் திபெத்தியவியலில் ஆய்வும் பயிற்றலும். அது கிடைக்காவிட்டால் ஜூன் முதல் பட்டுச்சேலைப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். கொடுத்த வாக்கை மீறும் பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

மே மாதத்தில் தேர்வு நடந்தது. கேள்வி பதிலோடு, நடுவர்கள் முன்னால் ஒரு வகுப்பும் எடுத்துக் காட்ட வேண்டும். வேலைக்குப் போட்டி ஸ்ரீவத்சன் என்ற இளைஞர். வெளிநாட்டில் படித்தவர், நல்ல பிள்ளை. முதல் நாள் அவர் நடத்திய வகுப்பைப் பற்றி மையமே பேசிக்கொண்டிருந்தது. மறுநாள் சந்திரிகாவின் முறை. அவள் மனுவிலேயே எழுதியிருந்தாள்: வேற்றுமொழிச் சொல் ஒன்றுகூடக் கலக்காமல் முதல் வகுப்பிலிருந்தே திபெத்திய மொழியில் நடத்துவேன் என்று. நடுவர்கள் பார்க்க வந்ததும் அதைத்தான்.

மூன்று பேர். குடிநீர் வாரியத்தில் பெரிய பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற அனந்தராமன் தலைவர். மயிலாப்பூர்க்காரர், வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவரின் நிழலைக்கூட மிதிக்காத ஒழுங்கு. சரித்திரப் பேராசிரியை சுப்புலக்ஷ்மி, பாட்டுக் குடும்பத்துப் பெண். மூன்றாமவர் கர்நாடகத்துப் பைலகுப்பே குடியிருப்பிலிருந்து வந்த யாங்சென் அம்மா, திபெத்தியப் பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்கப் பாடம் நடத்தியவர்.

வாசலில் நிறுத்திச் சட்டத்தைச் சொன்னாள் சந்திரிகா. அனந்தராமனுக்கு முகம் மலர்ந்தது.

“ரொம்ப சரி. உள்ளே நுழைஞ்சுட்டா நாங்களும் ஸ்டூடண்ட்ஸ்தான். எங்களுக்குன்னு எதையும் தளர்த்தப்படாது, கேட்டேளா?”

வழக்கமான மாணவர்களோடு அவர்களும் வட்டமாக உட்கார்ந்தார்கள். சந்திரிகா வணக்கம் சொல்லி, பெயர் கேட்டு, கிண்ணங்களை வைத்து ஊற்றினாள். யாங்சென் அம்மா ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டார். சுப்புலக்ஷ்மி உதட்டில் வைத்தாரோ இல்லையோ, கிண்ணம் அப்படியே கீழே வந்தது. அனந்தராமன் கிண்ணத்தை உயரத் தூக்கினார். அவர் வீட்டில் எச்சில் படாமல் அண்ணாந்துதான் குடிப்பார்கள். அண்ணாந்து குடிப்பவர்கள் பாதியில் நிறுத்துவதில்லை. கொடுத்ததை மிச்சம் வைப்பதும் இல்லை. தீர்த்தத்தை வாங்கிக்கொள்வது போல ஒரே மூச்சில் முடித்துவிட்டு வைத்தார். உப்பும் வெண்ணெயும் உள்ளே இறங்கும்போது அவர் புருவம் மட்டும் ஒரு தடவை ஏறி இறங்கியது.

காலிக் கிண்ணம்! அதுவும் யாங்சென் அம்மா பார்த்துக்கொண்டிருக்க. சந்திரிகா ஓடிப்போய் நிரப்பினாள். அவர் கையை லேசாகத் தூக்கினார். முதல் மறுப்பு மரியாதைக்காக என்பதுதானே வழக்கம்; இவள் இன்னும் பிரியமாக ஊற்றினாள். நிரம்பியதை வீணாக்கலாமா என்று அவர் மறுபடி அண்ணாந்தார். இவ்வளவு பிரியமாகக் குடிக்கிறாரே, இதுவரை யாரும் என் தேநீரை இப்படிக் குடித்ததில்லையே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. குடித்து முடித்தால்தான் இந்தப் பெண் விடுவாள் போலிருக்கிறது என்று அவர் மூன்றாவது தடவையும் அண்ணாந்தார். நிறுத்தச் சொல்ல அவரிடம் சொல் இல்லை. அது மூன்றாவது வாரத்துப் பாடம். தமிழில் சொல்ல அவருடைய ஒழுங்கு இடம் கொடுக்கவில்லை.

நாலாவது கிண்ணத்தை ஊற்றும்போதுதான் அவள் அவர் நெற்றியைப் பார்த்தாள். பொட்டுப் பொட்டாக வியர்வை. விபூதி கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே குல்சும் ஒரு கையால் தன் மேல்கையைச் சுற்றிக் காட்டி, இன்னொரு கையால் எதையோ பிசைந்து பிசைந்து காட்டிக்கொண்டிருந்தாள். பாங்க்காரர் அதை மாவு பிசைவது என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார். சந்திரிகாவுக்குப் புரிந்துவிட்டது. ரத்த அழுத்தம். வயசானவர். இத்தனை உப்பு.

திபெத்திய மொழியில் சொன்னால் அவருக்கு விளங்காது. தமிழில் சொன்னால் மனுவில் எழுதியது பொய். அந்தப் பொய்க்கு விலை பட்டுச்சேலைப் பகுதி. அனந்தராமன் கிண்ணத்தைத் தூக்கிவிட்டார். அவள் பாய்ந்து, கிண்ணத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

“ஐயா, குடிக்காதிய! போதும், வச்சிருங்க!”

மரியாதைத் தமிழ்கூட இல்லை. வீட்டுத் தமிழ், அடிவயிற்றிலிருந்து வந்துவிட்டது.

“பகவானே, பிழைச்சேன்” என்றார் அனந்தராமன்.

குல்சும் சிரிப்பை அடக்க முடியாமல் அவரையும் சந்திரிகாவையும் மாறி மாறி விரல் நீட்டிக் காட்டினாள். இரண்டு பேரும் தமிழ் பேசிவிட்டார்கள். சுப்புலக்ஷ்மி கண்ணாடியை இறக்கிக்கொண்டு, எழுந்துபோய் வாசற்படிக்கு வெளியே ஒரு காலை வைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு கேட்டார்: “உங்க சட்டத்தை நீங்களே மீறிட்டேளே, சந்திரிகா?”

“மீறிட்டேன் மேடம்.”

“அப்போ பாடணும், இல்லையா?”

“பாடணும் மேடம்.”

பாடினாள். சுருதி அவளுக்கு எதிர்வீட்டுக்காரர் மாதிரி. பார்த்தால் சிரிப்பாள், போக்குவரத்துக் கிடையாது. குடோனில் மூட்டை அவிழ்க்கும்போது அந்தப் பெண்கள் பாடிய பாட்டு அது. ஒவ்வொரு வரியாக அவள் சொல்ல, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அனந்தராமனும் எழுந்து நின்று பின்பாட்டுப் பாடினார். குல்சும் ஒரு பக்கம் அவர் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வரியில் யாங்சென் அம்மாவின் குரலும் சேர்ந்தது. மூன்றாவது வரியில் ஒரு சொல்லில் அவர் நின்றுவிட்டார்.

“இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?” என்று திபெத்திய மொழியில் கேட்டார்.

“தெரியாது” என்றாள் சந்திரிகா. “பாடியவர்களைக் கேட்டேன், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.”

யாங்சென் அம்மா கைகொட்டிச் சிரித்தார். “என் அம்மாவும் பாடுவாள். எனக்கும் தெரியாது.”

பாட்டு முடிந்ததும் சந்திரிகா முதல் வேலையாக மூன்றாவது வாரத்துப் பாடத்தை நடத்தினாள். கிண்ணத்தைக் கையால் மூடி, “டிக்சோங்” என்றாள். போதும். அனந்தராமன் தன் கிண்ணத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கும்படி, “டிக்சோங்! டிக்சோங்!” என்றார்.

நடுவர்கள் உள்ளே பேசப் போனார்கள். சந்திரிகா குழாயடியில் கிண்ணங்களைக் கழுவினாள்.

“போச்சு குல்சும். நானே கெடுத்துக்கிட்டேன்.”

“வேலை போனா போவுது மிஸ். தாத்தாவைத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடற மாதிரி ஆவல, அதுவரைக்கும் அல்லாவுக்கு நன்றி சொல்லுங்கோ.”

சந்திரிகா கபாலியை நினைத்துக்கொண்டாள். கிழவர் பிழைத்ததற்கும் இவளுடைய ஜூன் மாதத்துக்கும் சேர்த்து அவர் என்ன கணக்கு வைத்திருக்கிறாரோ.

ரொம்ப நேரம் கழித்து அனந்தராமன் வெளியே வந்தார். குல்சும் சொன்னபடி தண்ணீர் நிறையக் குடித்து முகம் தெளிந்திருந்தது.

“நேத்து அந்தப் பிள்ளையாண்டான் ரொம்ப நன்னா சொன்னான், பொய் சொல்லப்படாது. ஆத்துக்குப் போறதுக்குள்ள அத்தனையும் மறந்துட்டேன். என் வயசுன்னு வெச்சுக்கோங்கோ. ஆனா இன்னிக்குக் கத்துண்ட வார்த்தையை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.” குரலைத் தாழ்த்தினார். “சுப்புலக்ஷ்மிக்கு நீங்க தமிழ் பேசினதுல குறைதான். யாங்சென் அம்மா ஒரே பிடியா நின்னுட்டா. விருந்தாளிக்கு உடம்பு முடியலேன்னா எந்தச் சட்டமும் ரெண்டாம்பட்சம், அதான் எங்க ஊர் வழக்கம்னா. வேலை உங்களுக்குத்தான்மா. நிரந்தரமா.”

சந்திரிகா ஈரக் கையோடு கும்பிட்டாள்.

“ஒரே ஒரு விண்ணப்பம். ‘போதும்’கிற பாடத்தை இனிமே முதல் நாளே நடத்திடுங்கோ.”

பங்களா வாசற்படியில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டாள். கடையில் முகூர்த்தக் கூட்டம்.

“சொல்லுட்டி, சட்டுன்னு சொல்லு.”

“அப்பா, வேலை எனக்கே கெடச்சிட்டு. நிரந்தரமா.”

அந்தப் பக்கம் சேலை உதறும் சத்தம் கேட்டது.

“அப்பம் ஜூன்ல நீ கடைக்கு வரமாட்ட.”

“வரமாட்டேம்ப்பா.”

“சரி. வெயில்ல நிக்காம போயிச் சாப்பிடு” என்றார். போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. வைத்தாரே தவிர, அணைக்கவில்லை.

யாரோ ஒரு பெண் குரல் கேட்டது: “யாரு அண்ணாச்சி, வீட்டுலயா?”

“எம் மவம்மா. அடையாத்துல வேலை பாக்கா. திபெத்துப் பாஷைக்கு இனிமே இவதான் டீச்சரு.”

“அது என்ன பாஷை அண்ணாச்சி?”

“அது பெரிய பாஷைம்மா. மலையில உள்ளவங்க பேசுவாங்க. எம் மவளுக்கு அது சின்னதுலயே தண்ணி பட்ட பாடு. எங்கேயும் போயிப் படிக்கல பாத்துக்கிடுங்க, இந்தா இருக்கே நம்ம குடோன், இதுல உக்காந்து…”

தெருவில் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பஸ் ஒன்று வந்து உறுமி நின்றது. சந்திரிகா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, இன்னொரு காதை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டாள்.